இரண்டு பக்கமும் பின் வைத்த வயர்

அன்றைக்குப் போஸ்ட்டடியில் இருந்தவர்கள்: மேலே பெல்ட் கட்டி நின்ற செல்வகணேஷ். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த பிச்சைக்கனி. குடைக்குள் போனில் பேசிக்கொண்டிருந்த ஓவர்சியர் ஜெயன். எதிரே பேக்கரி வாசலில் கைகட்டி நின்ற சுமந்த். அவன் கடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பால் வாங்க வந்து மழைக்கு ஒதுங்கிய சரோஜம். சந்தின் கடைசி வீட்டில், கதவுக்கு உள்ளே, பேச்சி.

பிறகு விசாரித்தபோது எல்லோரும் முதல் ஐந்து பேரைத்தான் சொன்னார்கள். பேச்சியை யாரும் சொல்லவில்லை.

ஐப்பசியில் திருவனந்தபுரத்து மழைக்கு ஒரு முறை உண்டு. காலையில் மண்டையைப் பிளக்கிற வெயில் அடிக்கும். சோறு தின்று கைகழுவும்போது கிழக்கே மலைப்பக்கம் கறுக்கும். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு இடியோடு கொட்டித் தீர்க்கும். அன்று வலியசாலைக்குத் தெற்கே, கிள்ளியாற்றை ஒட்டி இறங்குகிற அந்தச் சந்தில், அயனிமரக் கிளை ஒன்று முறிந்து கரண்ட் கம்பியின் மேல் விழுந்தது. கரண்ட் போர்டு செக்சன் ஆபீசிலிருந்து கான்ட்ராக்ட் ஆட்கள் வந்தார்கள். பிச்சைக்கனியும் செல்வகணேஷும் அந்தக் கூட்டத்தில்தான் வேலை செய்கிறார்கள். பிச்சைக்கனி சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பையனாக வந்தவன். இருபது வருஷத்துக்கு மேல் லைன் வேலை. செல்வகணேஷ் அவனிடம் கற்றுக்கொண்டு மேலே ஏறத் தொடங்கியவன்.

லைன் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. டிரான்ஸ்பார்மர் சுவிட்சை இறக்கிப் பெட்டியைப் பூட்டினால், சாவி மேலே ஏறுகிறவனின் சட்டைப்பையில்தான் இருக்கும். ஓவர்சியர் கேட்டாலும் கொடுக்க மாட்டான். அவன் இறங்கி வந்து தன் கையால் பூட்டைத் திறந்தால்தான் சந்துக்குக் கரண்ட். அன்றும் சாவி செல்வகணேஷின் பையில்தான் இருந்தது.

கிளையை வெட்டித் தள்ளி, ஒரு தடவை கரண்ட் விட்டுப் பார்த்தார்கள். உடனே ஃபியூஸ் போயிற்று. திருப்பத்துப் போஸ்ட்டில் இன்னொரு இடத்தில் கம்பி அறுந்திருந்தது தெரிந்தது. மறுபடி இறக்கினார்கள், பூட்டினார்கள். செல்வகணேஷ் ஏறி, டெஸ்டர் வைத்துப் பார்த்தான். கரண்ட் இல்லை. கையுறை நனைந்து வழுக்கியது. வலக்கையில் இருந்ததைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு கம்பியை முறுக்கத் தொடங்கினான்.

அவன் கத்தவில்லை. கத்த முடியவில்லை. உடம்பு ஒரு பக்கமாக வெட்டி இழுத்தது. பிறகு பெல்ட்டில் தொங்கினான். கத்தியது சரோஜம்தான்.

கடைசி வீட்டில் பிச்சைக்கனியின் பெண்டாட்டி பேச்சி அப்போதுதான் இடியாப்ப மெஷினின் சுவிட்சைப் போட்டாள். மெஷின் ஒரு தடவை உறுமி நின்றது. சுவரில் மாட்டியிருந்த இன்வெர்ட்டர் கீச்சென்று அலறி அணைந்தது. அந்தச் சத்தத்துக்குப் பின்னாலேயே வெளியில் சரோஜத்தின் குரல் கேட்டது. பேச்சி நிமிர்ந்து மெயின் சுவிட்சைப் பார்த்தாள். அது மேலே தூக்கியிருந்தது.

அவள் வயரைப் பிடுங்கினாள். சுருட்டி அரிசி டிரம்மைத் திறந்து உள்ளே புதைத்தாள். மெயினை இறக்கினாள். பிறகுதான் வெளியே ஓடினாள்.

அந்த வயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாதாரண வயருக்கு ஒரு முனையில்தான் பின் இருக்கும். இதற்கு இரண்டு முனையிலும் பின். கடையில் விற்க மாட்டார்கள். புயலில் நாள்கணக்காகக் கரண்ட் இல்லாமல் போன ஒரு வருஷம், வாடகை ஜெனரேட்டரை வீட்டோடு இணைப்பதற்காகப் பிச்சைக்கனி செய்தது. ஒரு முனையை ஜெனரேட்டரில் செருகி, மறு முனையைச் சுவர் சாக்கெட்டில் செருகினால் கரண்ட் பின்பக்கமாக ஏறி வீட்டு வயரிங் முழுக்கப் பரவும். மெயினை இறக்கியிருந்தால் வீட்டோடு நிற்கும். இறக்காவிட்டால் மீட்டரைத் தாண்டிப் போஸ்ட்டுக்குப் போகும். லைனில் வேலை செய்கிறவனுக்கு இது தெரியும். தெரியும் என்பதால்தான் அவன் துணிந்து செய்தான். "மொதல்ல மெயின், பெறவு வயர். மாத்திச் செய்யாத, அவ்வளவுதான்" என்று பேச்சிக்குச் சொல்லிக் கொடுத்தான். அவள் ஒருநாளும் மாற்றிச் செய்ததில்லை.

ஜெனரேட்டர் போய் சோலார் வந்தது. மகள் அனுஷா டிப்ளமோ முடித்து ஒரு சோலார் கம்பெனியில் சைட் பார்க்கிறாள். ஏதோ ஒரு வீட்டில் பெரிதாக மாற்றியபோது கழற்றிய பேனல்களையும் இன்வெர்ட்டரையும் முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்து வீட்டின் தகரக் கூரையில் ஏற்றினாள். லைனோடு இணைக்க விண்ணப்பம் போட்டார்கள். சந்துக்கான டிரான்ஸ்பார்மரில் இனி சோலார் ஏற்ற இடமில்லை என்று பதில் வந்தது. மேலே மெயின் ரோட்டில் மாடிவீட்டுக்காரர்கள் முதலிலேயே போட்டு இடத்தைப் பிடித்திருந்தார்கள். இணைப்பு வருகிறவரை பேனல் பாட்டரியை மட்டும் நிறைக்கும். காலையிலேயே அது நிறைந்துவிடும். பிறகு அடிக்கிற வெயிலெல்லாம் தகரத்தைச் சுடுவதற்குத்தான். மத்தியானம் பேச்சி வாசலில் நின்று கூரையைப் பார்ப்பாள். அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்க்கிற முகம் அது.

மெஷின் சுவரோடு வைத்து இணைத்தது. பிடுங்கி இன்வெர்ட்டரில் செருக முடியாது. அதனால் கரண்ட் போகும்போது பழைய வயரை எடுப்பாள். தம்பானூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள ஹோட்டல்களுக்கு ராத்திரி வியாபாரத்துக்கு அவள் வீட்டு இடியாப்பம்தான் போகிறது. கரண்ட் போயிற்று என்று ஹோட்டல்காரனிடம் சொன்னால் மறுநாள் வேறு ஆளிடம் வாங்குவான்.

பிச்சைக்கனி அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது சட்டையெல்லாம் சேறு. அவன்தான் ஏறி, தொங்கியவனைத் தோளில் போட்டு இறக்கியவன். வந்தவன் நேராக மெஷின் ரூமுக்குள் போனான். தட்டுகளில் பிழியாத மாவு காய்ந்து கிடந்தது.

"வயர் எங்க?" என்றான்.

"அரிசி டிரம்முக்குள்ள."

அவன் தரையில் உட்கார்ந்தான். 

"மெயின எறக்கலியா நீ?"

"எறக்கினேன். நடுவுல ஒரு தடவ கரண்ட் வந்துச்சுல்லா, அப்பம் தூக்கினேன். உடனே போச்சு. எறக்கினாப்பலயே நெனப்பு. மாவு ஆறிப்போகுதுன்னு ஓடினேன்." அவள் அழவில்லை. "அவனுக்கு எப்பிடி இருக்கு?"

"உயிருக்குப் பயமில்லன்னாங்க. உள்ளங்கை வெந்துபோச்சு. ரெண்டு வெரலு சொரணையில்ல." அவன் தலையைத் தடவிக்கொண்டான். "ஜெயன் சார், சுமந்தோட ஜெனரேட்டர்தான்னு சொல்லுதாரு. பேக்கரி லைன வெட்டிட்டாரு. பெரிய ஆபீசர் வந்து பாப்பாராம்."

"சுமந்த் என்ன செஞ்சான்?"

"அவன் ஒண்ணும் செய்யல."

"பின்ன?"

"பின்னயாவது முன்னயாவது. ஆரும் உன்னப் பாக்கல. அது அப்பிடியே இருக்கட்டும்."

பேச்சி மாவுத் தட்டை எடுத்துச் சுரண்டத் தொடங்கினாள். சுரண்டிக்கொண்டே கேட்டாள்: "எர்த் ராடு போட்டியளா?"

எர்த் ராடு என்பது கம்பியைப் பூமியோடு கட்டிப்போடுகிற கோல். அதை மாட்டிவிட்டால் எங்கிருந்து கரண்ட் வந்தாலும் ஆளைத் தொடாமல் மண்ணுக்குள் போய்விடும். மாட்டாமல் ஏறக்கூடாது. வீட்டில் சாப்பிடும்போது பிச்சைக்கனி ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான்.

"வண்டியில இருந்துச்சு. வண்டி மேல ரோட்டுல நின்னுச்சு. நல்ல மழை." அவன் எழுந்தான். "நான்தான் சொன்னேன், ராடு வேண்டாம், ஏறுன்னு."

அனுஷா வேலை முடிந்து வந்ததும் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தே புரிந்துகொண்டாள். அவளுக்குப் பள்ளிக்கூடத்திலும் வேலையிலும் மலையாளம், வீட்டில்தான் தமிழ். கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும்.

"அந்த வயர களயணும்னு நான் எத்தன தடவ பறஞ்சேன் அப்பா! லைனையும் இன்வெர்ட்டரையும் ஒண்ணு சேர விடாத சேஞ்சோவர் பெட்டி ஒண்ணு வெச்சா தீர்ற காரியம். கனெக்சன் வந்ததும் எல்லாம் ஒண்ணா மாத்தலாம், அதுவரைக்கும் இருக்கட்டும்னு நீங்கதான் சொன்னீங்க."

"நீயும் சரின்னுதான சொன்ன?"

"சொன்னேன்." அவள் பையைக் கீழே போட்டாள். "இன்னிக்கு மெசேஜ் வந்துச்சு. புதிய டிரான்ஸ்பார்மர்ல நமக்கு எடம் ஒதுக்கியாச்சு. அடுத்த ஆழ்ச்ச நெட் மீட்டர் வைக்க வருவாங்க."

இரண்டு வருஷமாக அந்த வீடு காத்திருந்த செய்தி. அடுத்த வாரம் அந்த மீட்டர் வந்துவிட்டால், மிஞ்சுகிற வெயில் கரண்ட் லைனுக்குப் போய்ப் பில்லில் கழியும்.

"இப்ப வெளிய சொன்னா அத கேன்சல் பண்ணிடுவாங்க. கேஸ் ஆகும். அந்த இன்வெர்ட்டர் எங்க கம்பெனி சாதனம், என் பணி போகும். அப்பாவ கான்ட்ராக்டர் வேலையிலேருந்து பறஞ்சு விடுவான். மனசிலாச்சா அம்மா?"

"எனக்கு எல்லாம் மனசிலாகும்" என்றாள் பேச்சி. "நீ கைகழுவிட்டு வந்து சாப்பிடு."

மறுநாளிலிருந்து பேக்கரி இருட்டில் ஓடியது. லைனும் இல்லை, ஜெனரேட்டருக்கும் சீல் வைத்திருந்தார்கள். சுமந்த் நெடுமங்காட்டுக்காரன். வாய் ஓயாதவன். பப்ஸ் சூடாக்க முடியவில்லை, ஐஸ்கிரீம் பெட்டி உருகி ஓடியது. அதையெல்லாம் கரைந்தும் கரையாமலும் தெருப்பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுத்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் மெழுகுவர்த்தி வைத்து வியாபாரம் செய்தான். போகிற வருகிறவர்கள் கேட்டார்கள். "ஒரு மனுஷன கொல்லப் பாத்தியே சுமந்தே" என்று ஒரு ஆட்டோக்காரர் நேராகவே சொன்னார். சரோஜம் பால் வாங்க அடுத்த தெருவுக்குப் போகத் தொடங்கினாள்.

பேச்சி மாவு வாங்கிக்கொண்டு அந்த வழியாகத்தான் வர வேண்டும்.

"அக்கா, நிக்கணும் நிக்கணும்" என்று சுமந்த் கூப்பிட்டான். "உங்க வீட்டு மேல கரண்ட் விளையுது அல்லே? ஒரு கிலோ நமக்கும் தரணும் கேட்டோ. ஃப்ரிட்ஜுல பூனை கெடந்து உறங்குது."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். பேச்சி மாவுப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீ பெரிய ஆபீசில போய்ச் சொல்லலியா?"

"பறஞ்சேன் அக்கா. ஜெனரேட்டர் ஓடினது ஆரு பாக்கல? எல்லாரும் பாத்தாங்க. ஓடினா அது கொலகாரன். என் சேஞ்சோவர் பெட்டிய செல்வகணேஷ்தான் மாட்டித் தந்தது. அவன் எந்திரிச்சு வந்து பறயட்டும், அதுவரைக்கும் மெழுகுவர்த்தி." அவன் சிரிப்பை நிறுத்தினான். "வீட்ல மூத்தவளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்குது. அவங்க விளிச்சுக் கேக்கறாங்க, கேஸ் என்னாச்சுன்னு. அதான் சங்கடம்."

அன்று மாலை பேச்சி இடியாப்பம் கொஞ்சம் தனியே எடுத்து வைத்தாள். தேங்காய்ப்பாலும் எடுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொன்னாள். பிச்சைக்கனி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாத்துட்டு வந்துரு. வேற பேச்சு வேண்டாம்" என்றான்.

செல்வகணேஷ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். வலக்கை முழங்கை வரை துணிக்கட்டு. அவன் பெண்டாட்டி ஷிஜா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். பேச்சியைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

"வாங்க மதினி. அண்ணாச்சி வரலியா?" என்றான் செல்வகணேஷ்.

"அவருக்கு வேலை கெடக்கு. வலி எப்பிடி?"

"வலி இருக்கட்டும் மதினி. வெரலு ரெண்டுதான் தொட்டாத் தெரியல. அடுத்தவன் வெரல ஒட்டவச்சாப்ல இருக்கு." அவன் அந்தக் கையையே பார்த்தான். "எனக்கு அதெல்லாம் இல்ல மதினி. ஒண்ணுதான் வெளங்கல. சாவி எம்பையில இருந்துச்சு. டெஸ்டர் வச்சுப் பாத்தேன், கரண்ட் இல்ல. பெறவு எப்பிடி வந்துச்சு?"

"சுமந்தோட ஜெனரேட்டர்னு சாரு சொன்னாங்களே" என்றாள் ஷிஜா.

"ஏட்டி, அது நான் மாட்டின பெட்டி. அதுல பின்பக்கம் ஏறவே ஏறாது. சொன்னா எவன் கேக்குதான்?" அவன் குரலைத் தாழ்த்தினான். "இவ சொல்லுதா, அண்ணாச்சிகிட்ட இன்னொரு சாவி இருக்கும், மறந்துபோய்த் தொறந்திருப்பாருன்னு. நான் ஏசிட்டேன். ஆனாலும் ராத்திரி முழிச்சுக் கெடந்தா அந்த நெனப்புதான் வருது மதினி. எனக்கே வெக்கமா இருக்கு. அவருதான என்னைத் தோளுல போட்டு எறக்கினாரு."

பேச்சி டிபன் பாக்ஸை மடியில் வைத்தபடி இருந்தாள்.

"கை சரியாயிடும். வேலைக்கும் போவேன். ஆனா எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியாம இனி எப்பிடி ஏறுவேன்? ஒவ்வொரு கம்பியையும் தொடும்போது கை நடுங்கும்லா?"

"எங்க வீட்டுலேருந்து வந்துச்சு" என்றாள் பேச்சி.

ஷிஜாவின் கை ஆரஞ்சுச் சுளையோடு நின்றது.

"அண்ணாச்சிகிட்ட ரெண்டாவது சாவி இல்ல. நான்தான் இன்வெர்ட்டர்ல வயரச் செருகினேன். ரெண்டு பக்கமும் பின் வச்ச வயரு. மெயின எறக்க மறந்துட்டேன். நீ மேல நிக்கேன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் தெரியாட்டியும் மெயின எறக்கியிருக்கணும்." ஒரே மூச்சில் சொன்னாள். "மெஷின் சுவிட்சப் போட்டதும் பாரம் தாங்காம இன்வெர்ட்டர் நின்னுபோச்சு. அதனாலதான் உன்ன விட்டுச்சு. இல்லேன்னா..."

 செல்வகணேஷ் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து, வெகுநேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கோபம் வரவில்லை. கணக்குப் போடுகிறவன் முகமாக இருந்தது. கடைசி வீடு, திருப்பத்துப் போஸ்ட், அறுந்த கம்பி. மனதுக்குள் ஒவ்வொன்றாகக் கோர்த்துப் பார்த்தான் போலிருக்கிறது.

"அப்பம் சரிதான்" என்றான் கடைசியில். "அப்பிடின்னா வரும்."

ஷிஜா எழுந்தாள். பேச்சியின் மடியிலிருந்த டிபன் பாக்ஸைத் தன் கையால் எடுத்து, அவள் கொண்டுவந்த பைக்குள்ளேயே திரும்ப வைத்தாள்.

"போங்க அக்கா. இப்பம் போயிருங்க. எனக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க. நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது."

பேச்சி போனாள்.

வீட்டில் அவள் நடந்ததைச் சொன்னபோது பிச்சைக்கனி டம்ளரைச் சுவரில் எறிந்தான். பித்தளை டம்ளர், சுவரில்தான் பள்ளம் விழுந்தது.

"ஒன் வாயில மண்ணு விழ! ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டியா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவிய. அதான் கேக்கல."

"இனி என்ன? ஊரெல்லாம் முரசு அடிக்கியா?"

"ஊருக்கு வேண்டாம். செக்சன் ஆபீசுக்குப் போதும். நாளைக்குப் போறேன்."

"போனா அந்த மீட்டர மறந்துரு. எம் பொழைப்ப மறந்துரு. பிள்ளையோட வேலைய மறந்துரு."

"பேக்கரில இருட்டுல நிக்கான் அவன். நம்ம வயருக்கு." அவள் துடைப்பத்தை எடுத்துச் சிந்திய தண்ணீரை வாசலுக்குத் தள்ளினாள். "செல்வகணேஷு உங்களச் சந்தேகப்பட்டான், தெரியுமா? நீங்க தோளுல போட்டு எறக்கின ஆளு. அவன் ஒங்களச் சந்தேகப்பட்டுக்கிட்டே போஸ்ட்ல ஏறணுமா? நீங்க அவனுக்குக் கீழ நின்னு ஏணி பிடிக்கணுமா? அதுக்கு எனக்குக் கனெக்சனே வேண்டாம்."

அனுஷா கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் போய் அரிசி டிரம்மைத் திறந்து, வயரை வெளியே எடுத்து, அதில் ஒட்டிய அரிசியைத் தட்டி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அம்மாவின் குடையோடு மாட்டிவைத்தாள்.

செக்சன் ஆபீசில் ஜெயன் காலை நேரப் புகார்களுக்கு நடுவே இருந்தான். பேச்சி பையைக் கவிழ்த்து வயரை மேசையில் போட்டாள்.

"இதெந்தா சேச்சி?"

"அன்னைக்குக் கரண்ட் இதுலதான் போச்சு சார். சுமந்த் கடையில இல்ல."

ஜெயன் ஒரு முனையைப் பார்த்தான். மறு முனையைப் பார்த்தான். சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எண்ட தெய்வமே. ஆரு செய்தது இதை?"

"செருகினது நான். மெயின எறக்காம விட்டதும் நான். அத எழுதிக்கிடுங்க."

"அது எழுதலாம். உண்டாக்கியது ஆருன்னு கேட்டேன். இது ஒரு பெண்ணு செய்யிற பணியா?"

"நான் செய்வேன் சார். என்ன கஷ்டம், ரெண்டு பின்னு..."

"நான்தான் சார் செஞ்சேன்."

வாசலில் பிச்சைக்கனி நின்றான். வேலைக்குப் போகிற சட்டையோடு வந்திருந்தான். வெகுதூரம் நடந்தவன் போல மூச்சு வாங்கியது.

"எர்த் ராடும் நான்தான் போடல. வண்டியில கெடந்துச்சு. ஏறுன்னு சொன்னதும் நான்தான்."

ஜெயன் நாற்காலியில் சாய்ந்தான். "பிச்சைக்கனீ, நீ எதுக்கு இப்போ அதப் பறயுன்னது? வயர் பறஞ்சாப் போதாதா? ராடு விஷயம் வந்தா ஆருடே தலையில வீழும்னு அறியுமோ?"

"நீங்களும் அங்கதான் நின்னிய சார்" என்றாள் பேச்சி. "கொட பிடிச்சுக்கிட்டு."

அவன் முகம் சிவந்தது.  பிறகு வயரை எடுத்துச் சுருட்டத் தொடங்கினான். சுருட்டி முடிக்கும்வரை யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. "பெரிய ஆபீசர் வரட்டும், ஏ.இ. சார்" என்றான். "மூணு பேரும் பறயலாம்."

அன்று மாலை பேக்கரிக்குக் கரண்ட் வந்தது. சுமந்த் வந்து பேச்சியின் வாசலில் நின்றான். திட்டத்தான் வந்தான். மெஷின் ரூமில் லைட் இல்லை. செக்சன் ஆட்கள் அவள் வீட்டு லைனை வெட்டி, இன்வெர்ட்டருக்கும் சீல் வைத்திருந்தார்கள். பேச்சி இருட்டில் மர அச்சை மார்போடு அணைத்துக் கையால் பிழிந்துகொண்டிருந்தாள். அவன் கொஞ்சநேரம் நின்றான்.

"என் மோளோட காரியம் கெட்டுப்போயிருந்தா உங்கள விட்டிருக்க மாட்டேன் அக்கா."

"விட வேண்டாம்" என்றாள் பேச்சி, அச்சை அமுக்கியபடி.

அவன் போய்விட்டான். சிறிது நேரம் கழித்து ஒரு கட்டு மெழுகுவர்த்தியைக் கொடுத்தனுப்பினான். அது கேலியா உதவியா என்று தெரியவில்லை. பேச்சி கொளுத்திக்கொண்டாள்.

அனுஷா சொன்னதில் பாதி நடந்தது. சோலார் ஒதுக்கீட்டை ரத்து செய்தார்கள். அபராதம் வந்தது. ஷிஜா போலீசில் புகார் கொடுத்தாள். கொடுக்க வேண்டியதுதான் என்று பேச்சி சொன்னாள். அந்தக் கேஸ் இன்னும் நடக்கிறது. கான்ட்ராக்டர் பிச்சைக்கனியை லைனிலிருந்து எடுத்துப் போஸ்ட் குழி தோண்டுகிற கூட்டத்தில் போட்டான். அனுஷாவை சைட்டுக்கு அனுப்பாமல் ஆபீசில் உட்கார வைத்தார்கள். ஜெயனுக்கு மெமோ கிடைத்தது.

லைன் திரும்பி வரும்வரை பேச்சி கையால் பிழிந்தாள். மாவு சூடாக இருக்கும்போதே பிழிய வேண்டும். ஆறினால் நூல் அறும். மர அச்சின் கைப்பிடியை அழுத்தி அழுத்தி அவளுக்குத் தோள்பட்டை இறங்கிப்போயிற்று. ராத்திரி பிச்சைக்கனி மண்வெட்டி பிடித்துக் காய்ப்புக் காய்த்த கையால் எண்ணெய் தேய்த்துவிடுவான். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஒரு ஹோட்டல் கைவிட்டுப் போனது. மற்றவை நின்றன. கையால் பிழிந்தது மெத்தென்று இருக்கிறது என்று ஒரு ஹோட்டல்காரன் சொன்னான். "மெஷின் வந்ததும் இந்தப் பேச்ச மறந்துரணும்" என்றாள் அவள்.

அனுஷா ஞாயிற்றுக்கிழமைகளில் மெஷின் ரூமின் வயரிங் முழுவதையும் பிடுங்கி எடுத்தாள். புதிதாகப் போட்டாள். சேஞ்சோவர் பெட்டி வைத்தாள். லைன் கரண்டோ சோலார் கரண்டோ, ஒன்று ஏறினால் மற்றது தானாக இறங்கும். இன்வெர்ட்டரையும் மாற்றினாள். லைன் செத்தால் வெளியே ஒரு சொட்டும் விடாமல் தன்னை வெட்டிக்கொள்கிற வகை. இன்ஸ்பெக்சனுக்கு வந்தவர் சுவரில் இருந்த எல்லாச் சாக்கெட்டையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். குறை எதுவும் எழுதவில்லை. மறுபடி விண்ணப்பம் போட்டார்கள். வரிசையின் கடைசியில் நின்றார்கள்.

மாசி வெயிலில் முறை வந்தது.

நெட் மீட்டர் வைக்க ஆள் வந்தபோது பேச்சி வாசலுக்கு வந்து பார்த்தாள். மேல் ரோட்டில் வண்டி நிற்கவில்லை. சந்துக்குள் வாசல்வரை கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். போஸ்ட்டிலிருந்து வீட்டுக்கு வருகிற சர்வீஸ் வயரையும் தடிமனாக மாற்ற வேண்டும். ஜெயன் இறங்கினான், கையில் போன் இல்லை. பின்னால் குழிக்கூட்டத்திலிருந்து அன்றைக்கு மட்டும் ஆள் போதாமல் அழைத்துவந்த பிச்சைக்கனி. அவன் வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் வண்டியிலிருந்து எர்த் ராடை உருவி எடுத்துத் தோளில் சாய்த்தான். கடைசியாக இறங்கியவன் செல்வகணேஷ்.

"நீயா ஏறப் போற?" என்றாள் பேச்சி.

"வேற ஆளைப் போடுதேன்னாரு சார். இந்தப் போஸ்ட்ல நான்தான் ஏறணும்னு சொல்லிட்டேன்." அவன் வலக்கையை நீட்டி மடக்கிக் காட்டினான். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மற்றவற்றோடு சேர்ந்து மடங்கவில்லை. "ஷிஜாவுக்குத் தெரியாது. சொல்லிராதிய."

"சொல்ல மாட்டேன்."

"இடியாப்பம் உண்டா?"

"எறங்கி வா. தாரேன்."

பிச்சைக்கனி எர்த் ராடின் ஒரு முனையை மண்ணில் அடித்தான். மறுமுனைக் கொக்கியை நீளக் கழியால் கம்பிகளில் மாட்டினான். செல்வகணேஷ் குனிந்து இழுத்துப் பார்த்தான். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தான். பிச்சைக்கனி அதைப் பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. டிரான்ஸ்பார்மர் பெட்டியைப் பூட்டிய சாவி முன்பே செல்வகணேஷின் சட்டைப்பைக்குள் போயிருந்தது.

ஆனாலும் அவன் ஏறவில்லை. ஏணியின் முதல் படியில் கால் வைத்தபடி நின்றான். வெயில் தகரத்தில் பட்டுக் கண்ணைக் குத்தியது. பேக்கரி வாசலில் சுமந்த் வந்து நின்றான். 

"எந்தா செல்வா, ஏறுன்னில்லே?" என்றான் ஜெயன்.

"இருங்க சார்." அவன் இறங்கி வந்து வண்டியிலிருந்து இன்னொரு பூட்டை எடுத்தான். அமுக்கினால் பூட்டிக்கொள்கிற பித்தளைப் பூட்டு. அதன் சாவியைக் கழற்றி மற்றச் சாவியோடு தன் பையில் போட்டு, பொத்தானை மாட்டினான். திறந்த பூட்டைப் பேச்சியிடம் நீட்டினான்.

"மெஷின் ரூம்ல ஆரு இருக்கா மதினி?"

"அனுஷா இருக்கா. சுவிட்சுக்கிட்ட."

"அவளயும் வெளிய வரச் சொல்லுங்க. நீங்களே உள்ள போய் எல்லாத்தையும் எறக்குங்க. எறக்கிட்டு நீங்களும் வந்துருங்க."

"பெட்டி இருக்கே அண்ணா" என்றாள் அனுஷா உள்ளிருந்தே. "இனி பின்னாடி ஏறாது. நான் செக் பண்ணினேன், இன்ஸ்பெக்சன் ஆளும் பண்ணினார்."

"இருக்கட்டும்மா. அது ஒனக்கு. இது எனக்கு."

அனுஷா வெளியே வந்தாள். பேச்சி உள்ளே போனாள். பேனல் சுவிட்சை இறக்கினாள். பாட்டரி சுவிட்சை இறக்கினாள். பிறகு மெயின். இறக்கிய பின்னும் அதன் மேல் கையை வைத்து, கீழேதான் இருக்கிறது என்று தடவிப் பார்த்தாள். மெஷின் சுவிட்சைத் தட்டினாள், உறுமவில்லை. விளக்குச் சுவிட்சைத் தட்டினாள், எரியவில்லை.

 செல்வகணேஷ் ஏணியைப் பிடித்துக்கொண்டு அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பேச்சி வெளியே வந்தாள். கதவை இழுத்துச் சாத்தினாள். கொண்டியை மாட்டி, அவன் கொடுத்த பூட்டை அதில் கோர்த்து, இரண்டு கையாலும் அமுக்கினாள்.